விழிவழி வளரும் மொழி

குழந்தை மொழியை முதலில் கற்பது ஏட்டின் வழியாக அன்று, செவியின் வழியாகவே. தாயின் பேச்சும் வீட்டாரின் உரையாடலும் நாள்தோறும் காதில் விழ, சொற்களும் தொடரமைப்பும் தாமாகவே மனத்தில் பதிகின்றன. சைகைமொழி அறியாத வீட்டில் பிறந்த, செவித்திறன் குறையுடைய குழந்தைக்கு இவ்வாய்ப்புக் கிட்டுவதில்லை. பள்ளியில் அக்குழந்தை எழுத்துத் தமிழில் இடர்ப்படுவதற்குக் காரணம் அறிவுக் குறைவு அன்று. மொழி வந்துசேரும் வழி அடைபட்டிருப்பதே ஆகும்.

உதட்டசைவைக் கொண்டு மட்டும் பேச்சை முழுமையாக உணர இயலாது. 'பாலை', 'மாலை' என்னும் சொற்களின் முதலெழுத்துகள் இரண்டும் இதழ்கள் பொருந்தப் பிறப்பவை. பார்வைக்கு வேறுபாடு புலப்படாது. 'வலி', 'வளி', 'வழி' ஆகியவற்றை வேறுபடுத்தும் நாவின் அசைவோ வாயினுள் மறைந்துவிடுகிறது.

மறைந்திருப்பதைக் கணினியால் காட்ட முடியும். அமெரிக்காவின் போர்ட்லண்டு நகரிலுள்ள டக்கர் மேக்சன் பள்ளியில் 1990களின் இறுதியில் 'பால்டி' என்னும் முப்பரிமாணக் கணினி முகம் பயன்படுத்தப்பட்டது. அதன் கன்னத்தை ஒளிபுகுமாறு மாற்றினால், உள்ளே நா இயங்கும் முறை தெரியும். மாணவர்கள் அதனைக் கண்டு ஒலிப்பையும் புதிய சொற்களையும் பயின்றனர். எத்தனை முறை கேட்டாலும் சலியாது சொல்லிக்காட்டுவது கணினியின் சிறப்பு.

ஒலிப்பினும் இன்றியமையாதது பொருளுணர்வு. சைகைமொழி தனக்கெனச் சொல்வளமும் இலக்கணமும் உடைய முழுமையான மொழி. புதுதில்லியில் 2015இல் நிறுவப்பட்ட இந்திய சைகைமொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம், 2018இல் 3,000 சொற்கள் கொண்ட காணொலி அகராதியை வெளியிட்டது. 2021இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பில் அவை 10,000 ஆகப் பெருகின.

சைகை, படம், எழுத்து ஆகிய மூன்றையும் கணினி ஒரே திரையில் இணைக்கிறது. இலக்கணத்தையும் இவ்வாறே விளக்கலாம். 'கண்ணன் வளவனை அழைத்தான்', 'கண்ணனை வளவன் அழைத்தான்' என்னும் தொடர்களில் 'ஐ' உருபு இடம்மாற, அழைத்தவரும் அழைக்கப்பட்டவரும் மாறிவிடுகின்றனர். உருபைத் தனி வண்ணத்தில் காட்டி, அதனை நகர்த்தும்போதே காட்சியும் மாறுமாறு அமைத்தால், மாணவர் பொருள் வேறுபாட்டைக் கண்ணால் கண்டு உணர்வார்; பிறர் நகைப்பார்களோ என்னும் அச்சமின்றித் தம் பிழைகளைத் தாமே திருத்திக்கொள்வார்.

எனினும், மொழி உயிர்பெறுவது உரையாடலில்தான். கணினி கற்பித்த சொல்லைப் பயன்படுத்த எதிரே ஒருவர் வேண்டும். பெற்றோரும் ஆசிரியரும் உடன்பயிலும் நண்பர்களும் சைகைமொழியைக் கற்க முன்வரும்போது, திரையில் கற்ற மொழி வாழ்வின் மொழியாகிறது.