ரப்பரில் செதுக்கிய 'பாட்டி'

கடைகளில் கிடைக்கிற ரப்பர் ஸ்டாம்ப்புகளில் பெரும்பாலும் ஆங்கில எழுத்துதான். பாட்டிக்கோ தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும், கண்ணும் மங்கல். அதனால் அவங்க பிறந்தநாள் அட்டைக்கு, பென்சில் அழிக்கிற பெரிய ரப்பர் ஒன்றில் 'பாட்டி' என்று நானே செதுக்கினேன்.

முதல் தடவை சொதப்பல். ஸ்டாம்ப்பில் எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறி இருக்கணும். 'ப' இடவலம் மாறினாலும் 'ப'தான். 'ட' காட்டிக் கொடுத்துடுச்சு. எளிய வழி: மெல்லிய தாளில் 4பி பென்சிலால் அழுத்தி எழுதி, ரப்பர் மேல் கவிழ்த்துத் தேயுங்க. எழுத்து தானாகவே திரும்பிப் பதியும். சுற்றியுள்ள ரப்பரைச் சரிவாகச் செதுக்குங்க. எழுத்துக்கு அடியில் குடைஞ்சா விளிம்பு பிய்ந்துடும்.

அடுத்து மை. சாய மை தாளில் ஊறிச் சீக்கிரம் காயும். நிறமி மை மேலேயே தங்கி மெதுவாகக் காயும். அந்த ஈரத்தில் எம்பாஸிங் பவுடரைத் தூவி, மிச்சத்தைத் தட்டிவிட்டு, ஹீட் கன் காட்டினால் பொடி உருகி எழுத்து மேடாக நிற்கும். ஹேர் டிரையர் உதவாது. சூடும் போதாது, பொடியும் பறந்துடும்.

அட்டையில் ஸ்டாம்ப்பை நேராக வைத்து அழுத்தி, நேராகவே எடுங்க. ஆட்டினால் எழுத்து இழுபடும்.

பாட்டி கண்ணாடி தேடலை. விரலால் தடவியே படிச்சாங்க.