கிளையை வெட்டியவரா காளிதாசர்?

தாராவியில் பெரியவர்களிடம் காளிதாசரைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "நுனிக் கிளையில் உட்கார்ந்து அடிக் கிளையை வெட்டினாரே, அவர்தானே!" என்பார்கள்.

இதை எங்கே படித்தார்கள்? பலர் படிக்கவில்லை. படத்தில் பார்த்தார்கள். மாட்டுங்கா அரோரா தியேட்டரில் பல ஆண்டுகள் தமிழ்ப் படங்கள் ஓடின.

தமிழின் முதல் பேசும் படமே "காளிதாஸ்"தான். 1931ஆம் ஆண்டு வந்தது. டி.பி. ராஜலட்சுமி நடித்தார். அந்தப் படம் மும்பையில்தான் எடுக்கப்பட்டது. அப்போது ஊரின் பெயர் பம்பாய். 1966இல் "மகாகவி காளிதாஸ்" வந்தது. அதில் சிவாஜி கணேசன் காளிதாசராக நடித்தார்.

கதை என்ன? எழுத்து அறியாத ஒருவனைப் படித்த இளவரசிக்குச் சூழ்ச்சியால் மணம் முடிக்கிறார்கள். அவன் காளியை வேண்டுகிறான். ஒரே நொடியில் பெரும் கவிஞன் ஆகிறான்.

கதை சுவையானது. ஆனால் உண்மையா?

காளிதாசர் தம் வாழ்க்கையை எழுதி வைக்கவில்லை. அவர் சுமார் 1600 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தார் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். கர்நாடகத்தில் அய்ஹொளே என்ற ஊரில் 634ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. அதில் அவர் பெயர் இருக்கிறது. கிளை வெட்டிய கதை பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு பரவியது.

அவரை அறிய அவருடைய நூல்களே நல்ல வழி. அவர் மூன்று நாடகங்கள் எழுதினார். சாகுந்தலம் அவற்றில் ஒன்று. அதில் சகுந்தலையின் மோதிரம் தண்ணீரில் விழுந்துவிடுகிறது. ஒரு மீனவருக்கு அது மீனின் வயிற்றில் கிடைக்கிறது. காவலர்கள் அவரைத் திருடன் என்று பிடிக்கிறார்கள். அவர் சொன்னது உண்மை என்று தெரிகிறது. அரசன் பரிசு தருகிறான். நாடகத்தில் அரசன் பேசுவது சமஸ்கிருதம். மீனவர் பேசுவது எளிய மக்களின் பிராகிருத மொழி.

இப்படி எழுத மொழியும் தெரிய வேண்டும், மக்களையும் தெரிய வேண்டும். அது ஒரு நொடியில் வருமா?

படம் பார்த்த நம் மனத்தில் இரண்டு எண்ணங்கள் தங்கிவிடுகின்றன. எழுத்து தெரியாதவர் முட்டாள் என்பது ஒன்று. கல்வி வரமாகக் கிடைக்கும் என்பது மற்றொன்று. இரண்டும் தவறு.

தாராவியில் தோல் வேலை செய்த பலருக்கு எழுத்து தெரியாது. ஆனால் தோலைத் தொட்டே தரம் சொல்வார்கள். அவர்கள் முட்டாள்களா? அவர்களில் ஒருவர் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றால், அது வரம் அல்ல. அவருடைய உழைப்பு.

படத்தைப் பாருங்கள். ரசியுங்கள். வீடு திரும்பும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: "இது நடந்ததா? யாரோ சொன்ன கதையா?"