மனச்சிதைவு நோய்: நம்பகமான தகவலும் ஓர் உரிமையே

2001 ஆகஸ்ட் 6 அன்று, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலக் காப்பகம் என்ற பெயரில் இயங்கிய கொட்டகை ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தப்ப வழியின்றி மாண்டனர். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்ட குடும்பங்களைக் குறைகூறுவது எளிது. அக்குடும்பங்களின் கைக்கு எட்டிய தகவல் எது என்ற கேள்வியை நாம் போதிய அளவு எழுப்பவில்லை.

ஸ்கிசோஃப்ரினியா எனப்படும் மனச்சிதைவு நோயுடன் உலகில் இரண்டு கோடிக்கும் மேற்பட்டோர் வாழ்கின்றனர். பிறருக்குக் கேளாத குரல்கள் கேட்பது, ஆதாரமற்ற ஐயங்களில் உறுதியாக நிற்பது, சிந்தனையின் ஒழுங்கு குலைவது, பேச்சும் செயலும் ஒடுங்குவது ஆகியவை இதன் அறிகுறிகள். இது செய்வினையன்று, திரைப்படங்கள் காட்டும் இரட்டை ஆளுமையுமன்று. மருந்தும் குடும்ப ஆதரவும் மறுவாழ்வுப் பயிற்சியும் கிடைத்தால் பலர் மீள்கின்றனர். ஆனால் கைபேசியில் தேடும் முதல் தலைமுறை மாணவருக்கு முதலில் கிடைப்பவை பெரும்பாலும் பரிகாரங்களும் விளம்பரங்களுமே.

அடிப்படைச் செய்திகளுக்கு உலக சுகாதார நிறுவனம், பெங்களூரு நிம்ஹான்ஸ், 1984 முதல் சென்னையில் இயங்கும் ஸ்கார்ஃப் ஆகியவற்றை நாடலாம். ஆய்வுக் கட்டுரைகளைத் தேட பப்மெட் உதவும். அதன் துணைத் தளமான பப்மெட் சென்ட்ரலில் முழுக் கட்டுரைகளைக் கட்டணமின்றிப் படிக்கலாம். பல ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அறிக்கைகளுக்கு எளிய நடைச் சுருக்கங்களும் உண்டு.

பப்மெட்டில் இடம்பெற்றிருப்பது மட்டும் ஒரு கட்டுரைக்குத் தரச்சான்று ஆகாது. எத்தனை பேரிடம், எங்கே, எவ்வளவு காலம் ஆய்வு நடந்தது, நிதி அளித்தவர் யார் என்று பார்க்க வேண்டும். ஒரே கட்டுரையைக் கொண்டு முடிவுக்கு வருதலும் கூடாது. வளரும் நாடுகளில் இந்நோயாளிகள் விரைவாகத் தேறுகின்றனர் என்ற கருத்து உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுகளை அடியொற்றிப் பல்லாண்டுகள் நிலவியது. அதனை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என 2008இல் ஒரு கட்டுரை வாதிட்டது. அதன் ஆசிரியர்களுள் ஒருவர் ஸ்கார்ஃபின் மருத்துவர் ஆர். தாரா.

அறிவியலுக்குள்ளும் அதிகாரம் புகும். அமெரிக்காவில் குடியுரிமைப் போராட்டக் காலத்தில், மிச்சிகன் மாநிலத்தின் அயோனியா மனநல மருத்துவமனையில் கறுப்பின ஆண்கள்மீது இந்நோயின் முத்திரை மிகுதியாகக் குத்தப்பட்டதை ஜொனாதன் மெட்ஸல் தமது நூலில் ஆவணப்படுத்தியுள்ளார். நியாயமான கோபமே நோய்க்குறியாக வாசிக்கப்பட்டது. நம் நாட்டு ஆய்வுகளிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. மருத்துவமனைக்கு வந்தோரை மட்டும் கொண்டு நடத்தப்படும் ஆய்வில், பேருந்துக் கட்டணமும் ஒருநாள் கூலியும் இழந்து அங்கே வர இயலாதவர் இடம்பெறுவதில்லை. கல்வி, வருமானம் ஆகியவற்றைப் பதிவு செய்யும் பல கட்டுரைகள் சாதியைப் பகுத்தாய்வதில்லை. எனவே, ஓர் ஆய்வில் சேரியைப் பற்றிய சொல் இல்லாததைக் கொண்டு அங்கே நோய் இல்லை என்றோ, பாகுபாடு இல்லை என்றோ முடிவு செய்தல் ஆகாது.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இவ்விடத்தில் நமக்குக் கருவியாகிறது. சமூக, பொருளாதார, அரசியல் நிலையை வைத்து ஒருவரை மனநோயாளி எனத் தீர்மானிக்கலாகாது என்கிறது 3ஆம் பிரிவு. சிகிச்சையில் சாதி உள்ளிட்ட எந்தப் பாகுபாட்டையும் 21ஆம் பிரிவு தடுக்கிறது. தமது நோய், சிகிச்சை, பக்கவிளைவுகள் ஆகியவற்றைத் தமக்குப் புரியும் மொழியில் அறியும் உரிமையை 22ஆம் பிரிவு அளிக்கிறது. சங்கிலியிடுவதை 95ஆம் பிரிவு அடியோடு தடை செய்கிறது.

ஆகவே, தமிழில் விளக்கம் கேட்பது மருத்துவரிடம் சலுகை கேட்பதாகாது. உடனடி உதவிக்கு அரசின் டெலி மனாஸ் எண் 14416இல் கட்டணமின்றிப் பேசலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரை அரசு மருத்துவமனையில் அணுகலாம். கல்லூரி நூலகத்தில் ஒரு கட்டுரையைப் படித்துத் தம் தெருவின் மொழியில் எடுத்துச் சொல்லும் மாணவர், ஒரு குடும்பம் சங்கிலியைத் தேடிப் போகுமுன் அதன் வாசலைச் சென்றடைய முடியும்.