போர்க்காலத்தில் கால்பந்துத் திடலின் பராமரிப்பும் சீரமைப்பும்: ஓல்ட் டிராஃபோர்டு (1939–1949)

முன்னுரை

அமைதிக்காலத்தில் விளையாட்டுத் திடலைப் பராமரித்தல் என்பது புல்தரை, வடிகால், பார்வையாளர் அரங்கு ஆகியவற்றை உரிய காலத்தில் செப்பனிடும் பணியாகும். போர்க்காலத்தில் அப்பணி உரிமையாளரின் கையை விட்டு அகன்று, அரசின் முன்னுரிமைகளுக்கு உட்பட்டதாகிறது. சேதமுற்ற திடல் எப்போது மீளும் என்பதைக் குண்டின் அழிவுத்திறன் மட்டும் தீர்மானிப்பதில்லை. மரம், எஃகு, தொழிலாளர், இழப்பீடு ஆகியவை பங்கிடப்படும் முறையும் தீர்மானிக்கிறது. இதனை மான்செஸ்டர் யுனைடெட் கழகத்தின் ஓல்ட் டிராஃபோர்டு கால்பந்துத் திடலின் வழி இக்கட்டுரை விளக்குகிறது. அருகிலுள்ள இதே பெயருடைய கிரிக்கெட் திடல் இங்குக் கருதப்படவில்லை.

இரு தாக்குதல்கள்

1910இல் திறக்கப்பட்ட இத்திடல், போர்த்தளவாட உற்பத்தி நிகழ்ந்த டிராஃபோர்டு பார்க் தொழிற்பேட்டையை ஒட்டி அமைந்திருந்தது. எனவே, அப்பகுதியைக் குறிவைத்த வான்தாக்குதல்களுக்கு இதுவும் உள்ளாயிற்று. 1939இல் இராணுவம் இதனைக் கிடங்காகப் பயன்படுத்தத் தொடங்கியபோதும் ஆட்டங்கள் தொடர்ந்தன.

1940 டிசம்பர் 22 அன்று நிகழ்ந்த தாக்குதலில் திடல் சேதமுற்றது. கிறிஸ்துமஸ் நாளில் நடைபெறவிருந்த ஆட்டம் எதிரணியான ஸ்டாக்போர்ட் கவுண்டியின் திடலுக்கு மாற்றப்பட்டது. இரண்டரை மாத இடைவெளிக்குப் பின், 1941 மார்ச் 8 அன்று ஆட்டம் மீண்டும் தொடங்கியது. ஆனால் மூன்றே நாள்களில், மார்ச் 11 அன்று, முதன்மை அரங்கு உட்படத் திடலின் பெரும்பகுதி அழிந்தது. முதற்சேதம் போர் நடந்துகொண்டிருக்கும்போதே சீராக்கப்பட்டது. இரண்டாவது சேதம் சீராக எட்டாண்டுகளுக்கு மேலாயிற்று.

இழப்பீடும் வாடகையும்

1941ஆம் ஆண்டின் போர்ச்சேதச் சட்டம், குண்டுவீச்சால் சேதமுற்ற கட்டடங்களுக்கு இழப்பீடு வழங்க ஓர் ஆணையத்தை நிறுவியது. கழகத் தலைவர் ஜேம்ஸ் கிப்சனின் தொடர் வற்புறுத்தலுக்குப் பின், இடிபாடுகளை அகற்ற 4,800 பவுண்டும், அரங்குகளை மீளக் கட்ட 17,478 பவுண்டும் ஆணையம் வழங்கியது. எனினும், பணம் கிடைத்தவுடன் கட்டுமானம் தொடங்க இயலவில்லை. போருக்குப் பின்னும் கட்டுமானத்திற்கு அரசின் உரிமம் தேவைப்பட்டது. கட்டுமானப் பொருள்களில் வீட்டு வசதிக்கே முதலிடம் தரப்பட்டது.

இடைக்காலத்தில் அக்கழகம், போட்டிக் கழகமான மான்செஸ்டர் சிட்டியின் மெயின் ரோடு திடலில் விளையாடியது. அதற்கு ஆண்டு வாடகையாக 5,000 பவுண்டும், நுழைவுக் கட்டண வருவாயில் ஒரு பங்கும் செலுத்தியது. அரங்கு கட்ட வழங்கப்பட்ட தொகை மூன்றரை ஆண்டு வாடகைக்கு ஏறத்தாழச் சமம். காலத்தாழ்வே தனியொரு சேதமாயிற்று என்பதை இவ்வொப்பீடு காட்டுகிறது. ஆயினும், 1948 சனவரியில் அங்கு நடைபெற்ற ஆர்சனலுக்கு எதிரான ஆட்டத்தைக் காண 80,000க்கும் மேற்பட்டோர் திரண்டனர். சொந்தத் திடலை இழந்த காலத்திலும் கழகம் தன் பார்வையாளரை இழக்கவில்லை.

சீரமைப்பின் வரிசை

1949 ஆகஸ்ட் 24 அன்று, போல்டன் வாண்டரர்ஸ் அணிக்கு எதிரான ஆட்டத்துடன் திடல் மீண்டும் பயன்பாட்டுக்கு வந்தது. அப்போது முதன்மை அரங்கிற்குக் கூரை இல்லை. 1951 அளவிலேயே அது அமைந்தது. இலண்டனில் ஆர்சனலின் ஹைபரி திடலிலும் இப்போக்கைக் காணலாம். போரின்போது வான்காப்புப் பணிகளுக்குப் பயன்பட்ட அத்திடலுக்கு ஆட்டங்கள் 1946இல் திரும்பின. குண்டுவீச்சில் அழிந்த வடபுறக் கூரையோ 1956இல்தான் மீண்டும் எழுந்தது. ஆடுகளம் முதலில், நிற்கவும் அமரவும் இடம் அடுத்து, கூரை இறுதியில் என்பதே இரு திடல்களிலும் காணப்படும் வரிசை. எஃகு மிகுதியாகத் தேவைப்படுவதும், இல்லாவிடினும் ஆட்டம் நடைபெறத் தடையாகாததுமான பகுதி கடைசிக்குத் தள்ளப்பட்டது.

முடிவுரை

ஒரு திடலின் போர்க்கால வரலாற்றைத் தாக்குதல் நாளோடு முடித்துவிடுதல் பொருந்தாது. இழப்பீட்டுத் தொகை, உரிமம், பொருள் பங்கீடு, மாற்றுத் திடலின் வாடகை ஆகியவற்றையும் சேர்த்து நோக்கும்போதே சேதத்தின் முழு அளவு புலப்படும். ஓல்ட் டிராஃபோர்டில் ஓரிரவில் நேர்ந்த அழிவு, போர் முடிந்து நான்கு ஆண்டுகள் கடந்தும் முழுமையாகச் சீராகவில்லை என்பது இதற்குச் சான்றாகும்.