வெண்மண்ணில் எழுதப்பட்ட பெயர்கள்

ஆர்ச்வே நிலையத்திலிருந்து வெளியேறி, ஆர்ச்வே வீதி வழியே மேடேறிச் சென்றால் உயர்வாசற்குன்று முருகன் கோயிலை அடையலாம். வட இலண்டனில் வாழும் எம்மவருக்கு அறிமுகம் வேண்டாத தலம் அது. அங்கே அர்ச்சனைத் தட்டுடன் நிற்போரில் பெரும்பாலோர் வேண்டுவது ஒன்றேதான்: குடும்பத்துக்கு நலமும் பிள்ளைகளுக்கு நிம்மதியும்.

இதே வேண்டுதலைத் தாங்கிய இரு பீங்கான் சாடிகள் அங்கிருந்து அதிக தொலைவில் இல்லை. ஆர்ச்வேயில் சாரிங் குறொஸ் வழியாகச் செல்லும் இரயிலில் ஏறினால், இடையில் மாறாமலே ரொட்டன்ஹாம் கோர்ட் றோட் நிலையத்தை அடையலாம். அங்கிருந்து சிறிது நடந்தால் பிரித்தானிய நூதனசாலை. அதன் 95ஆம் அறையில், சேர் பேர்சிவல் டேவிட் சேகரித்த சீனப் பாண்டங்களிடையே அச்சாடிகள் நிற்கின்றன. 1351ஆம் ஆண்டில் சீனக் கோயில் ஒன்றுக்கு ஒரு தூபக்காலுடன் நேர்த்தியாக வழங்கப்பட்டவை அவை. குடும்பத்தின் காவலையும் புதல்வர் புதல்வியரின் அமைதியையும் வேண்டி அளிக்கப்பட்டன என்பதை அவற்றின் கழுத்திலுள்ள நீல எழுத்துகள் கூறுகின்றன.

பீங்கான் என்றதும் எமது நினைவில் எழுவது கண்ணாடி அலுமாரியும், விருந்தினருக்கென ஒதுக்கிவைத்த கோப்பைகளுமே. ஊரை விட்டுப் புறப்பட்டபோது முதலிற் கைவிடப்பட்டவையும் அவைதாம். உடையும் பொருளை எவர் சுமந்து வருவார்? ஆயினும் எமது மண்ணில் அவற்றின் சுவடுகள் மிகப் பழையவை. அல்லைப்பிட்டியில் 1970களிலும், பின்னர் 2018இலும் நடைபெற்ற அகழ்வுகளில், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல்வழி வந்த சீனப் பாண்டங்களின் உடைவுகள் கிடைத்துள்ளன.

கயோலின் எனப்படும் வெண்களிமண்ணுடன் ஒருவகைப் பாறைத் தூளைச் சேர்த்து, ஏறத்தாழ 1,300 பாகை வெப்பத்திற் சுட்டால் பீங்கான் உருவாகும். பாறைத் தூள் உருகிக் கண்ணாடிபோலாகிக் களிமண்ணை இறுகப் பிணைக்கும். அதனால் மெல்லிய கலத்தினூடே ஒளி ஊடுருவும். தட்டினால் மணியோசை எழும். இந்த இரகசியத்தை அறிய ஐரோப்பியர் நெடுங்காலம் முயன்றனர். 1710இலேயே ஜேர்மனியின் மைசன் நகரில் அவர்களது முதற் பெருந் தொழிற்சாலை தோன்றியது.

கைவினைஞர் அனைவரும் அறிந்த இயல்பொன்றும் இம்மண்ணுக்கு உண்டு. வனையும்போது கலம் சற்று வளைந்தால் அதனைக் கையால் நிமிர்த்திவிடலாம். கண்ணுக்குக் குறை தெரியாது. ஆனால் சூளையில் அதே வளைவு மீண்டும் தோன்றும். பீங்கான் மண்ணுக்கு ஞாபகம் உண்டு என்று அவர்கள் கூறுவது இதனாலேயே.

இன்றைய ஓவியரும் சிற்பிகளும் பீங்கானை நாடுவதற்கு இவ்வியல்பும் ஒரு காரணமோ என எண்ணத் தோன்றுகிறது. கவிஞரான தந்தை தண்டிக்கப்பட்டதால் சீனாவின் எல்லைப்புறத்தில் வளர்ந்தவர் ஐ வெய்வெய். 2010இல் இலண்டன் ரேற் மொடேர்ண் கலைக்கூடத்தில் அவர் பத்துக் கோடி பீங்கான் சூரியகாந்தி விதைகளைப் பரப்பினார். ஜிங்தெஜென் நகரின் சுமார் 1,600 பேர் கையாலே செய்து தீட்டியவை அவை. தொலைவிலிருந்து நோக்கினால் சாம்பல் நிற மணற்பரப்பு. குனிந்து நோக்கினால் ஒவ்வொரு விதையும் வேறு. அகதிகளைத் தொகையாகவே எண்ணிப் பழகிய உலகில் இதன் பொருளை எமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

எம்மை இன்னும் நெருங்கி வருவது எட்மண்ட் டி வாலின் படைப்பு. 1964இல் நொட்டிங்ஹாமிற் பிறந்த இவரது முன்னோர் வியன்னாவின் செல்வந்த யூதக் குடும்பத்தினர். 1938இல் நாசிகள் அவர்களது மாளிகையையும் நூல்களையும் பறித்தனர். பூட்டனார் விக்ரர் எப்ருசி ஏதிலியாக இங்கிலாந்து வந்து 1945இல் மறைந்தார். விக்ரோரியா அல்பேர்ட் நூதனசாலையின் குவிமாடத்தின் கீழ் 2009இல் 425 பீங்கான் கலங்களை அமைத்த டி வால், 2019இல் வெனிஸ் நகரில் 'நாடிழந்தோர் நூலகம்' எனத் தமிழிற் கூறத்தக்க சிறு மண்டபமொன்றை எழுப்பினார். அது 2020இல் பிரித்தானிய நூதனசாலைக்கும் வந்தது.

உள்ளே, நாடு நீங்க நேர்ந்த எழுத்தாளர்களின் ஏறத்தாழ 2,000 நூல்கள். தம் மனதைத் தொட்ட நூலில் பார்வையாளர் தமது பெயரை எழுதலாம். வெளிச்சுவரெங்கும் நீர்த்த பீங்கான் குழம்பு பூசப்பட்டு, அதன்மேல் அழிக்கப்பட்ட நூலகங்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருந்தன: நினிவே, அலெக்சாந்திரியா முதல் அலெப்போ, மொசூல் வரை. கண்காட்சியின் பின்னர் அந்நூல்கள் மொசூல் பல்கலைக்கழக நூலகத்துக்கே வழங்கப்பட்டன.

அச்சுவரின் முன் நிற்கும் யாழ்ப்பாணத்தவர் எந்தப் பெயரைத் தேடுவார் என்று கூறவும் வேண்டுமோ? 1981ஆம் ஆண்டு மே 31ஆம் திகதி இரவு மூட்டப்பட்ட தீயில் எமது பொது நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அதைப் பற்றி நாம் கட்டுரை எழுதினோம், கூட்டம் கூடினோம், ஆண்டுதோறும் நினைவுகூருகிறோம். ஆயினும் தமிழறியாத ஒருவரை ஒரு கணம் நிறுத்தி, கையால் தொட்டறியச் செய்யும் வடிவம் ஒன்றை நாம் அதற்கு அளித்தோமா?

புலம்பெயர்ந்த பெற்றோர் பிள்ளைகளை மருத்துவராகவும் பொறியியலாளராகவும் கணக்காளராகவும் காண விரும்புவதிற் குற்றமில்லை. இழந்தவற்றை ஈடுசெய்ய வேறு வழி அவர்களுக்கு இருக்கவில்லை. எனினும் மண் பிசையும் கையைப் பொழுதுபோக்கென்று ஒதுக்குதல் தகாது. 1988இல் கொழும்பிற் பிறந்து, மறு ஆண்டே குடும்பத்துடன் அவுஸ்திரேலியா சென்ற இரமேஷ் மரியோ நித்தியேந்திரன் இன்று பலரறிந்த சிற்பி. அவரது ஊடகம் பெரும்பாலும் பீங்கானன்று, சுடுமண்ணே. தெய்வங்களையும் காவல் உருவங்களையும் நினைவூட்டும் அவரது சிற்பங்கள் 2023இல் கிளாஸ்கோவின் ரிறாம்வே கலைக்கூடத்தில் தனிக் கண்காட்சியாக வைக்கப்பட்டன.

95ஆம் அறையைக் காணக் கட்டணம் எதுவுமில்லை. அடுத்த முறை முருகன் கோயிலில் பிள்ளைகளின் பெயர் சொல்லி அர்ச்சனை செய்த பின்னர், அவர்களை அழைத்துக்கொண்டு அந்த இரு சாடிகளையும் காணச் செல்லுங்கள். ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்கு முன் வேறொரு தந்தை வேறொரு கோயிலில் வைத்த அதே வேண்டுதல் அங்கே உடையாமல் இருப்பதை அவர்களுக்குக் காட்டுங்கள்.