கடின ஆசனத்தில் சீனா
ரெயில், படகு, பஸ்: காசு குறைந்தவர்கள் போகும் வழி

வர்க்க பேதம் ஒழிந்துவிட்டது என்று சீனா பறைசாற்றிய நாட்களிலும் அந்நாட்டு ரெயில்களில் நான்கு வகுப்புகள் இருந்தன. 'முதல் வகுப்பு', 'மூன்றாம் வகுப்பு' என்று பெயர் வைத்தால் கொள்கைக்கு இழுக்கு அல்லவா? ஆகவே கடின ஆசனம், மெத்தை ஆசனம், கடினப் படுக்கை, மெத்தைப் படுக்கை என்று பெயரிட்டார்கள். யாங்சே நதிக் கப்பல்களில் இன்னும் வேடிக்கை. இரண்டாம் வகுப்பு உண்டு. மூன்று, நான்கு, ஐந்தும் உண்டு. முதல் வகுப்பு மட்டும் கிடையாது! ஐந்தாம் வகுப்பு என்றால் தளத்தில் பாய் விரித்துப் படுப்பது.

1980-களின் தொடக்கத்தில்தான் குழுவாக வராமல் தனியே வரும் வெளிநாட்டாருக்குச் சீனா கதவைத் திறந்தது. முதுகில் மூட்டையைச் சுமந்த இளைஞர்கள் ஹாங்காங்கில் விசா வாங்கிக்கொண்டு புறப்பட்டார்கள். பல ஊர்களுக்குப் போலீஸ் அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது. வெளிநாட்டாருக்கு ரெயில் கட்டணம் அதிகம். பணமும் தனி: 1980 முதல் 1994 வரை அவர்களுக்கென்றே தனி நோட்டு புழக்கத்தில் இருந்தது. இதையெல்லாம் சமாளித்து, உள்ளூர்க்காரர்கள் விலைக்கே டிக்கெட் வாங்கிவிட்டால் அது ஒரு சாகசம்.

மூன்றடுக்குப் படுக்கை

கடினப் படுக்கை நம்மவர்களுக்குப் புதிதல்ல. கதவில்லாத அறை, எதிரெதிரே மும்மூன்று படுக்கைகள். ஆனால் நடுப்படுக்கையை மடிக்க முடியாது. எனவே பகலில் எல்லோரும் கீழ்ப்படுக்கைக்காரர் மீதுதான் வந்து உட்காருவார்கள். அதற்கு ஈடாகவோ என்னவோ கீழ்ப்படுக்கைக்குக் கட்டணம் கூடுதல். உச்சிப் படுக்கைதான் மலிவு. ஒவ்வொரு பெட்டியிலும் வெந்நீர்க் கொதிகலன் இருக்கும். முன்பு எனாமல் குவளையில் தேயிலையைப் போட்டுக்கொண்டு அதன் முன் நிற்பார்கள். இப்போது காகிதக் கிண்ணத்தில் உடனடி நூடுல்ஸ்.

கடின ஆசனப் பெட்டியே வேறு உலகம். ஒரு பக்கம் மூவர், மறுபக்கம் இருவர், நேர்க்குத்தான முதுகுச் சாய்மானம். இடமில்லை என்றாலும் டிக்கெட் தருவார்கள். 'ஆசனம் இல்லை' என்று அதில் அச்சிட்டிருக்கும். கட்டணத்தில் ஒரு காசும் குறையாது. இருபது மணி நேரம் நடைபாதையில் நிற்கவேண்டும், அல்லது கதவோரம் மூட்டையின் மேல் குந்தவேண்டும். பொதுப் பெட்டியில் பம்பாயிலிருந்து ஊருக்கு வந்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

அங்கே அப்படி நிற்பவர் யார்? பெரும்பாலும் கிராமத்தை விட்டு நகரத்துக்குக் கூலிக்குப் போனவர்கள். சீனாவில் இவர்கள் தொகை ஏறக்குறைய 30 கோடி. 1958-இல் வந்த குடும்பப் பதிவுச் சட்டம் ஒவ்வொருவரையும் ஓர் ஊரோடு கட்டிப்போட்டது. ஷாங்காயில் இருபது வருஷம் கட்டடம் கட்டினாலும் பதிவு கிராமத்தில் என்றால், பிள்ளைக்கு நகரத்துப் பள்ளியில் இடம் கிடைப்பது பாடு. சிறு நகரங்களில் விதி தளர்ந்திருக்கிறது. பெருநகரங்களில் பிடி இறுக்கமே. அதனால் பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம். பெற்றோர் அவர்களைப் பார்ப்பது வருஷத்துக்கு ஒருமுறை, சந்திரப் புத்தாண்டுக்கு. அந்த நாற்பது நாள் நெரிசலுக்கு ஈடு உலகில் வேறில்லை. 2008 ஜனவரியில் பனி கொட்டி ரெயில்கள் நின்றபோது, குவாங்சோ நிலையத்தின் முன் லட்சக்கணக்கானவர்கள் மூட்டை முடிச்சுகளுடன் நாட்கணக்கில் காத்துக் கிடந்தார்கள்.

அதே வருஷம் பெய்ஜிங்-தியான்ஜின் அதிவேக ரெயில் வந்தது. 2011-இல் பெய்ஜிங்-ஷாங்காய்: 1,318 கிலோமீட்டர், இன்று நாலரை மணி நேரத்தில். அந்த வேகத்துக்குக் கட்டணம் 500 யுவானுக்கு மேல் போகும். பழைய ரெயிலின் கடின ஆசனத்துக்கு அதில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாது. ஆனால் புதிய பாதை வரவர மெதுரெயில்கள் குறைகின்றன. நாட்டின் பெருமையை எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை.

மூழ்கிய கரைகள்

படகு கதையும் இதுதான். சோங்சிங்கில் ஏறினால் மூன்று மலை இடுக்குகளைக் கடந்து மூன்று நாளில் வூஹான். பன்றிக்குட்டியும் காய்கறிக் கூடையுமாகக் கிராமத்தார் வழியெல்லாம் ஏறி இறங்குவார்கள். அணையில் 2003-இல் நீர் தேக்கத் தொடங்கினார்கள். 2010-இல் நீர்மட்டம் 175 மீட்டரை எட்டியது. இடம்பெயர்ந்தவர்கள் சுமார் 13 லட்சம் பேர். இன்று அந்த வழியில் ஓடுபவை பெரும்பாலும் சுற்றுலாச் சொகுசுக் கப்பல்களே. அணையின் ஐந்தடுக்கு நீர்ப்பூட்டில் கப்பல் படிப்படியாக இறங்குவது பார்க்கத் தகுந்த காட்சி என்பதை மறுக்க முடியாது.

இரவெல்லாம் ஓடிய படுக்கைப் பஸ்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். 2011 ஜூலையில் ஹெனானில் ஒன்று தீப்பிடித்து 41 பேர் மாண்டார்கள். மறு வருஷம் புதிதாக அவற்றைப் பதிவு செய்வதையே நிறுத்தினார்கள்.

இரண்டு யுவான் டிக்கெட்

இன்னும் பழைய பயணம் வேண்டுமென்றால் தென்மேற்கே போகவேண்டும். செங்து-குன்மிங் பாதை 1970-இல் முடிந்தது. மலையைக் குடைந்து 427 சுரங்கங்கள், 991 பாலங்கள். இந்தப் பாதையை எட்டு யானைத் தந்தங்களில் செதுக்கி, 1974-இல் ஐ.நா. சபைக்குப் பரிசளித்தது சீனா. அதே பாதையில் லியாங்ஷான் மலைநாட்டில் ஒரு பச்சை நிற மெதுரெயில் ஓடுகிறது. வண்டி எண் 5633. நிலையத்துக்கு நிலையம் நிற்கும். குறைந்த கட்டணம் 2 யுவான், கடைசி வரை போனாலும் 25.5 யுவான், 1990-களுக்குப் பிறகு ஏற்றவே இல்லை. 'யி' இன மலைவாசிகள் ஆடு, கோழி, பன்றியோடு சந்தைக்கு ஏறுகிறார்கள். விடுதிப் பள்ளிப் பிள்ளைகள் வார இறுதியில் ஊருக்குத் திரும்புவதும் இதில்தான். பக்கத்தில் வேகம் கூடிய புதுப்பாதை 2022 டிசம்பரில் திறந்தாயிற்று.

எப்படிப் போவது? இந்திய எல்லையைத் தாண்டி நேராக நடந்துபோகும் வழி சாதாரணப் பயணிக்கு இல்லை. கைலாஸ யாத்திரைக்கு மட்டும் 2025-இல் மறுபடி வழிவிட்டார்கள். லாவோஸ் தலைநகர் வியன்டியானிலிருந்து குன்மிங்குக்கு 2023 ஏப்ரல் முதல் நேரடி ரெயில் உண்டு. சுமார் 1,000 கிலோமீட்டர், ஒரே பகலில் போய்ச் சேரலாம்.

கிழக்குக் கரைவரை போகிறவர்கள் சுவான்சோவில் ஒரு நாள் தங்கலாம். அங்கே தமிழ் வணிகர்கள் கட்டிய சிவன் கோயிலின் சிற்பக் கற்கள் உள்ளன. 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டும் கிடைத்திருக்கிறது. அதன் கடைசி வரி சீன எழுத்தில்.