ஆயுதத்திற்கும் எல்லை உண்டு



புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே. ஸலாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களது குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

அன்பின் நேயர்களே! யுத்தம் மூண்டுவிட்டால் எதையும் செய்யலாம் என எண்ணுவோர் பலர். மார்க்கமும் அவ்வாறு கூறவில்லை. உலகச் சட்டமும் அவ்வாறு கூறவில்லை.

ஷாம் தேசத்துக்குப் படை அனுப்பிய கலீபா அபூபக்கர் (ரழி) அவர்கள், பெண்களையும் சிறுவர்களையும் முதியோரையும் கொல்லக் கூடாது, கனி தரும் மரங்களை வெட்டக் கூடாது, மடங்களில் வணங்கியிருப்போரைத் தொந்தரவு செய்யக் கூடாது எனத் தளபதிக்குக் கட்டளையிட்டார்கள். 1949ஆம் ஆண்டின் நான்கு ஜெனீவா உடன்படிக்கைகளும், அவற்றோடு வளர்ந்த சர்வதேச மனிதாபிமானச் சட்டமும் இதே அடிப்படையில் நிற்கின்றன. போரிடுவோர் வேறு, போரிடாதோர் வேறு. படையிலக்கைத் தாக்கும்போதும், கிடைக்கும் இராணுவப் பயனை மிஞ்சிப் பொதுமக்களுக்குச் சேதம் விளையும் எனத் தெரிந்தால் அத்தாக்குதல் தடுக்கப்பட்டதாகும். இலங்கை இவ்வுடன்படிக்கைகளில் 1959இல் இணைந்தது. அவற்றின் பொதுவான மூன்றாம் உறுப்புரை, உள்நாட்டுப் போரில் அரசபடையை மட்டுமன்றி ஆயுதமேந்திய இயக்கங்களையும் கட்டுப்படுத்தும்.

படைபலம் என்பது குண்டு வீசுவது மாத்திரமா? இல்லை. துப்பாக்கியைக் காட்டி வீட்டைவிட்டு வெளியேற்றுவதும் படைபலமே. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, யாழ்ப்பாண முஸ்லிம்களை ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு அழைத்த விடுதலைப் புலிகள், இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரைவிட்டுச் செல்லுமாறு கட்டளையிட்டனர். நகையும் பணமும் பறிக்கப்பட்டன. அம்மாதத்தில் வட மாகாணம் முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். பெரும்பாலானோர் புத்தளத்து முகாம்களில் தஞ்சமடைந்தனர்.

பொதுமக்களை இடம்பெயர்க்க இரு காரணங்களை மட்டுமே சட்டம் ஏற்கும். ஒன்று, அம்மக்களின் சொந்தப் பாதுகாப்பு. மற்றையது, தவிர்க்க முடியாத இராணுவத் தேவை. அப்போதும் உறைவிடமும் உணவும் மருத்துவமும் இயன்றவரை ஏற்பாடு செய்யப்பட வேண்டும். காரணம் நீங்கியதும் திரும்பும் உரிமை உண்டு. சொத்து சொந்தக்காரருக்கே உரியது. சிலர் மீது சந்தேகம் இருப்பின் அவர்களைத் தனித்தனியே விசாரிக்கலாம். ஒரு சமூகம் முழுவதையும் தண்டிப்பது கூட்டுத் தண்டனையாகும், அது தடை செய்யப்பட்டது. ஒருவரின் சுமையை மற்றொருவர் சுமக்கமாட்டார் என்பது அல்குர்ஆன் நமக்குக் கற்பித்த நீதியன்றோ!

நேயர்களே! இந்தச் சட்டத்தை நமது துயருக்கு மட்டும் உரியதாக்குவோமானால் அது நீதியாகாது. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுது நின்றோர் சுடப்பட்டது குற்றமெனில், 1995 ஜூலை 9ஆம் திகதி நவாலி புனித பேதுரு தேவாலயத்தில் தஞ்சமடைந்திருந்த தமிழ் மக்கள்மீது விமானப்படை குண்டு வீசி நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்றதும் குற்றமே. 1990இல் கிழக்கின் தமிழ்க் கிராமங்கள் தாக்கப்பட்டபோது முஸ்லிம் ஊர்காவற் படையினர் சிலரும் அதில் பங்குகொண்டனர். அதையும் நாம் மறைக்கலாகாது. எதிரி வரம்பு மீறினான் என்பது நாம் வரம்பு மீறுவதற்கு அனுமதியன்று என்பதே மனிதாபிமானச் சட்டத்தின் உயிர்நாடி. ஒரு கூட்டத்தாரின் மீதான வெறுப்பு உங்களை அநீதியின்பால் இட்டுச் செல்ல வேண்டாம் என்று ஸூரத்துல் மாஇதா கற்பிப்பதும் இதுவே.

2009இல் யுத்தம் முடிந்தது. சோனகத் தெருவுக்குத் திரும்பியவர்களும் உளர். புத்தளத்திலேயே தங்கிவிட்டவர்களும் உளர். இழந்த வீட்டுக்காகவும் காணிக்காகவும் உரிமை கோருவது நமது கடமை. அவ்வாறு கோரும் அதே நாவினால், அயலிலுள்ள தமிழ்ச் சகோதரன் இழந்தவற்றுக்கும் சாட்சி சொல்வோம். நமது பிள்ளைகளுக்கு இவ்வரலாற்றைக் கூறும்போது பகையைக் கையளிக்காது நீதியைக் கையளிப்போம்.

நமக்கு எதிராயினும் நீதியை நிலைநாட்டுவோராக வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.